போலிப் போருக்கு ஒரு பொருளதிகாரம்

போருக்குத் திணை வகுத்தவர்கள் நாம். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணாசையில் படையெடுத்தால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் பொருதால் தும்பை. முடிந்துபோன போரை 250 ஆண்டு கழித்துச் சிலர் நடித்துக் காட்ட, மடக்கு நாற்காலியில் சாய்ந்து பார்ப்பதற்கு மட்டும் திணை இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் புஷி ரன் அருகே ஒரு மேடு. பொழுது, ஆகஸ்ட் மாத வெயில். 1763 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில், முற்றுகையில் இருந்த பிட் கோட்டைக்கு மாவு மூட்டைகளோடு போன ஆங்கிலேயப் படையை டெலவேர், ஷானி, மிங்கோ, வயண்டாட் பழங்குடி வீரர்கள் இங்கே வளைத்தார்கள். படைத்தலைவர் ஹென்றி பூக்கே, சுவிட்சர்லாந்துக்காரர். மாவு மூட்டைகளை அரணாக அடுக்கி, உள்ளே காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள். இரவு முழுக்க மேட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மறுநாள் பூக்கே பின்வாங்குவதுபோல் பாசாங்கு செய்தார். துரத்தி வந்தவர்களைப் பக்கவாட்டில் தாக்கி வென்றார். ஆக, மூலப்போரின் வெற்றியே ஒரு நடிப்பு. நாம் பார்த்தது நடிப்பின் நடிப்பு. உரையாசிரியர்கள் இவ்விடத்தில் நான்கு பக்கம் எழுதுவார்கள்; நாம் மேலே செல்வோம்.

பார்ப்போர் இருவகையர்: தாமே வந்தோர், பிள்ளைகளால் இழுத்து வரப்பட்டோர். இவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

நடிப்போரும் இருவகையர். சட்டைத் துணியின் இழையை எண்ணி, பொத்தான் எந்த ஆண்டு வார்ப்பு என்று வாதிடுவோர் ஒருவகை. கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்தோர் மறுவகை. பின்னவரை முன்னவர் 'ஃபார்ப்' என்று ஏசுவர்.

இனி நூலின் உயிர்ப்பகுதியாகிய மாய்வோரியல். துப்பாக்கியில் குண்டு கிடையாது. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தை மட்டும் கொட்டி, எதிரியின் தலைக்கு மேலே பார்த்துச் சுடுகிறார்கள். எனவே யார், எப்போது சாவது என்பது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. கம்பளிக் கோட்டின் புழுக்கம் தாளாமல் முதல் வேட்டுக்கே விழுவோர் முன்மாய்வோர். மரத்தடி வரை நடந்துபோய் விழுவோர் நிழல்மாய்வோர். புகைப்படக்காரர் திரும்பும்வரை தள்ளாடிக்கொண்டே நிற்போர் முகம்நோக்கி மாய்வோர். ஆள் பற்றாமல் எழுந்து மறுபடி வரிசையில் சேர்வோர் மீள்மாய்வோர். நானூறு மைல் கார் ஓட்டி வந்தவர் மருந்து தீரும்வரை சாகவே மாட்டார், அவர் மாயாதோர். எல்லா வகைக்கும் பொதுவிதி ஒன்று உண்டு. துப்பாக்கி ஆயிரம் டாலர் அளவில் விலையுள்ளது. ஆகவே அதை முதலில் பூப்போலப் புல்லில் கிடத்துகிறார், எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார், பிறகே குண்டடி படுகிறார். கடைசியாகத் தொப்பி தானே சரிந்து முகத்துக்கு நிழல் தருகிறது. மூலப்போரில் பூக்கேயின் தரப்பில் இறந்த 50 பேருக்கு இந்த வசதி இல்லை.

புறனடை. டெலவேர் வீரராக மொட்டையடித்து, முகத்தில் செஞ்சாயம் பூசி வந்தவர்களில் பலர் வெள்ளையர்கள். இவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று இந்நூலாசிரியருக்கு விளங்கவில்லை. மாநில வரலாற்று ஆணையமும், இந்த மேடு உட்படத் தன் பொறுப்பிலுள்ள இடங்களில் எதிரெதிர் நின்று பொருதும் நடிப்பு வேண்டாம் என்றது. சரியான முடிவு என்பதே நம் துணிபு. ஒரு குடியின் தோல்வியை அக்குடியே இல்லாமல் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவது வரலாற்றுப் பாடம் ஆகாது. அந்த 1763 ஜூனில், பிட் கோட்டைக்குப் பேச வந்த டெலவேர் தூதர்களிடம் பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வையும் ஒரு கைக்குட்டையும் கொடுத்தனுப்பினார்கள். கோட்டையிலிருந்த வணிகர் ஒருவரே அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அக்காட்சியை நடிக்க வெடிமருந்து வேண்டாம். பார்க்கக் கூட்டமும் வராது.

இப்பகுதிக்கு உரை எழுத வேண்டியவர்கள் டெலவேர்கள். அவர்களுடைய இரண்டு பழங்குடி அரசுகளின் தலைமையிடங்கள் இன்று பென்சில்வேனியாவில் இல்லை. ஓக்லஹோமாவில், பார்ட்டில்ஸ்வில்லிலும் அனடார்க்கோவிலும் இருக்கின்றன.