சவ்வில்லாத அறை

கேள்வி: பாக்டீரியாவுக்குள் நுண்ணுறுப்பே கிடையாது என்று படித்தோம். இப்போது உண்டு என்கிறார்களே?

பதில்: சவ்வு சூழ்ந்தால்தான் நுண்ணுறுப்பு என்றால் நீங்கள் படித்தது சரி. ஆனால் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே நியாயம். நீலப்பச்சைப் பாக்டீரியாவிலுள்ள கார்பாக்சிசோமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓடு முழுக்கப் புரதம். அறுகோணத் துண்டுகள் பக்கம்பக்கமாகச் சேர்ந்து தட்டையான முகங்களாகின்றன. மூலைகளை ஐங்கோணத் துண்டுகள் அடைக்கின்றன. பல இனங்களில் குடிபுகுந்த பிறகுதான் சுவரே எழும்புகிறது: முதலில் ரூபிஸ்கோ நொதிகள் திரள்கின்றன, அப்புறம் ஓடு வந்து மூடுகிறது.

ஓட்டில் துளைகள் இருக்கின்றனவே, அது என்ன சுவர் என்று கேட்கலாம். பைகார்பனேட் உள்ளே போக அவை வேண்டும். உள்ளே ஒரு நொதி அதைக் கார்பன் டை ஆக்சைடாக்க, அது கசிந்து போகுமுன் ரூபிஸ்கோ பிடித்துக்கொள்கிறது. நொதிகள் ஓடில்லாமல் செல்லுக்குள் சும்மா மிதந்தாலும் இந்த வேலை நடக்காதா? 1989-ல் பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக்கும் அதே வேலையைச் செய்யும் மனித நொதியை ஓட்டுக்கு வெளியே, செல் திரவத்தில் உண்டாக்கிப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு அறைக்கு வெளியிலேயே உருவாகித் தப்பியது. சாதாரணக் காற்றில் பாக்டீரியாவால் வளர முடியவில்லை. அந்த வாயுவை அள்ளிக் கொடுத்ததும் வளர்ந்தது. நொதி எங்கே இருக்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. அந்த இடத்தை வகுத்துத் தருவதை நுண்ணுறுப்பு என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.