மாவு இருந்தால் உணவு

இலினாய் மாநிலத்தில் ட்விக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய். இரண்டுக்கும் வெவ்வேறு விற்பனை வரி. எல்லாம் ட்விக்ஸ் சாக்லேட்டின் உள்ளே இருக்கும் மாவு செய்யும் மகிமை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இதை எடுத்துக்காட்டியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். வரி போடும் அமைப்புகள் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேல் என்றும் சொன்னார். ஆனால் அவர் இருந்தது தோற்ற பக்கம்.

2018-இல் வந்த அந்தத் தீர்ப்பில், வேஃபேர் என்ற இணையக் கடைக்கு எதிராக 5-4 என்று சவுத் டகோட்டா மாநிலம் ஜெயித்தது. அதுவரை, வணிகருக்கு வெளிமாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இருந்தால்தான் அந்த மாநில வரியை அவர் வசூலித்துத் தர வேண்டியிருந்தது. தீர்ப்புக்குப் பின், அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்றாலோ, 200 விற்பனை நடந்தாலோ போதும் என்றாயிற்று. ஆளுக்கு இரண்டு டாலராக 200 பேருக்குப் பொத்தான் விற்றவரும் பெருவணிகர்தான்! இந்த 200 கணக்கை சவுத் டகோட்டாவே 2023-இல் சத்தமில்லாமல் கைவிட்டது. அதைப் பார்த்து எழுதிக்கொண்ட மாநிலங்களில் சில இன்னும் விடவில்லை.

ராபர்ட்ஸ் சொன்ன இன்னொன்று: நியூ ஜெர்சியில் கம்பளி நூலைக் கலைவேலைக்கு வாங்கினால் வரி, ஸ்வெட்டர் பின்ன வாங்கினால் இல்லை. ஆக, இணையத்தில் நூல் விற்கும் பாட்டி நிறத்தைக் கேட்குமுன் உத்தேசத்தைக் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு இதற்கெல்லாம் மென்பொருள் உண்டு. பாட்டிக்குப் பேரன் உண்டு. அவனும் ஓரிகனுக்குக் குடிபோய்விட்டான். அங்கே விற்பனை வரியே கிடையாதாம்.