ரெண்டு வெத்தலை தூரம்

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தோளில் பையும் கையில் செல்போனுமாக நாலு திசையையும் ஒரு தடவை பாருங்கள். மூன்றாவது திசையைப் பார்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றிருப்பார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ரப்பர் பேண்டு போட்ட குட்டி டைரி, கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலை.

"தம்பி எங்க போகணும்?"

ஆட்டோ ஓட்டுபவர் அல்ல. லாட்ஜுக்கு ஆள் பிடிப்பவரும் அல்ல. காலணா வரும்படி இல்லாமல் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்கிறவர். எந்தக் கோயில் ஊருக்குப் போனாலும் இந்த இனத்தில் ஒருவர் தென்படுவார். காஞ்சிபுரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் நானே அகப்பட்டிருக்கிறேன். ஆனால் சரக்கு முற்றி விளைந்திருப்பது கும்பகோணத்தில்தான். அதற்கு ஊரின் அமைப்பு ஒரு காரணம். கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி என்று ஊருக்குள் இருப்பவர்களை நடந்தே பார்த்துவிடலாம். சுற்றுவட்டாரத்துத் தெய்வங்களோ ஆளுக்கொரு திசையில் வீடு கட்டிக்கொண்டவர்கள். மேற்கே தாராசுரம், கிழக்கே திருநாகேஸ்வரம். பஸ்ஸை நம்பினால் ஒருவரைப் பார்த்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் பெரும்பாலும் மறுபடி ஊருக்குள் வந்தாக வேண்டும். வந்தால் பெரியவர் அங்கேயே நிற்பார்.

அவர் வாயில் வராத சொற்கள் இரண்டு: 'தெரியாது', 'கிலோமீட்டர்'. தூரத்தை அவர் அளப்பது வெற்றிலையில். மகாமகக் குளம் அரை வெற்றிலை. நாலு கிலோமீட்டரில் இருக்கும் தாராசுரம் ரெண்டு வெற்றிலை. "ஒண்ணு போட்டுக்கிட்டுக் கிளம்புங்க, அது சக்கையாகி இன்னொண்ணு போடறதுக்குள்ள கோபுரம் தெரியும்." வெற்றிலை போடாதவர்கள் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று ஒரு முறை கேட்டேன். கும்பகோணத்துக்கு வந்துவிட்டு இப்படி ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தார். கொழுந்து வெற்றிலை விளையும் ஊரில் அது நியாயமான பார்வைதான்.

போன முறை ஊருக்குப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய காபிக் கடையில் பித்தளை டவராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அவரிடம் மாட்டியது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், கூட ஒரு பாட்டி.

"ஏனுங்க, தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம் மூணும் பார்க்கோணும். ஆட்டோ பேசிக்கலாமுங்களா?"

பெரியவர் ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் ஒரு பார்வையை வீசினார். "பேசலாம். பேசிக்கிட்டே இருக்கலாம்."

ஆட்டோவின் மேல் அவருக்கு விரோதம் எதுவும் கிடையாது. கட்டணம் கேட்டு, குறைத்துக் கேட்டு, திரும்பி நடந்து, கூப்பிடக் கூப்பிட மறுபடி வந்து படியும் அந்தச் சடங்கு அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையில் ஒட்டியிருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. 'போக வர, வெயிட்டிங் சேர்த்து' என்ற ஆட்டோ கட்டணமும் அதே சிற்பியின் வேலை. ஓட்டுகிறவர் கண்ணுக்குக் காளையாகத் தெரிவது ஏறுகிறவர் கண்ணுக்கு யானையாகத் தெரியும். மீட்டரா? அது இருக்கிறது, கார் டாஷ்போர்டில் பிள்ளையார் இருப்பதுபோல. யாரும் அவரை ஓடச் சொல்வதில்லை.

"அப்போ ஷேர் ஆட்டோவுங்களா?"

"நாச்சியார்கோவில் கல் கருடன் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார் பெரியவர்.

ஷேர் ஆட்டோவுக்கும் கருடனுக்கும் என்ன சம்பந்தம் என்று கோயம்புத்தூர்க்காரர் விழித்தார். நாச்சியார்கோவிலில் கல் கருடன் புறப்பாட்டின்போது சந்நிதியில் நாலு பேர் தூக்குவார்கள். வெளியே வர வர பாரம் ஏறி, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கூடிக்கொண்டே போகும் என்பது ஐதீகம். ஷேர் ஆட்டோவும் நாலு பேரோடுதான் புறப்படும். காந்தி பார்க் தாண்டுவதற்குள் எட்டு. அதற்கு மேல் எண்ணக் கூடாது. கருடனைச் சுமப்பவர்களுக்காவது புண்ணியம்.

மகள் செல்போனை நீட்டினாள். "அங்கிள், மேப்ல கார் ரூட் காட்டுது. கால் டாக்சி புக் பண்ணிக்கலாமே."

"பண்ணலாம்மா. சாரங்கபாணி தேர் புறப்பட்டா அந்த போன் சொல்லுமா?"

"இன்னைக்குத் தேரா?"

"இன்னைக்கு இல்ல. புறப்பட்டான்னு சொன்னேன்."

இந்த 'புறப்பட்டால்'தான் அவருடைய ஆயுதம். 2016 மகாமகத்தின்போது செய்த போக்குவரத்து மாற்றங்களை இன்னும் மனசிலிருந்து எடுக்காதவர். அப்போது அடைத்த ஒரு சந்தை அவர் இன்றுவரை திறந்துவிடவில்லை. அந்தப் பக்கம் யார் வழி கேட்டாலும் சுற்றித்தான் அனுப்புகிறார். அடுத்த மகாமகம் 2028-ல். அதுவரைக்கும் எதற்குத் திறந்து மூட வேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

அப்புறம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நவக்கிரக பஸ் பேச்சு வந்தது. 2024-ல் தொடங்கியது. விடியற்காலையில் கும்பகோணத்தில் ஏறினால் ஒன்பது கிரகத் தலங்களையும் ஒரே நாளில் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. பெரியவருக்குக் கொள்கை அளவில் ஆட்சேபணை. "சனீஸ்வரன் ஒரு ராசியக் கடக்கவே ரெண்டரை வருஷம் எடுத்துக்கறார். நீங்க ஒன்பது பேரையும் ராத்திரி சாப்பாட்டுக்குள்ள முடிக்கணுமா?"

பாட்டி இதற்குத் தலையாட்டினார். அத்தோடு குடும்பம் அவர் கைக்குள் போய்விட்டது.

கடைசியில் தீர்ப்பு டவுன் பஸ்ஸுக்குத்தான். தீர்ப்பு எப்போதுமே அதற்குத்தான், மற்றதெல்லாம் வாய்தா. "சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்க மூணு பேருக்கும் காசே கிடையாது. சார் ஒருத்தருக்குத்தான் டிக்கெட்டு. கோயம்புத்தூர்லேந்து இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு, இங்க மிச்சம் பிடிக்கலைன்னா எப்படி?" இதில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. டைரியை எடுத்து அவர் வாசித்த பஸ் நேரங்கள்தான் வேறு. அவர் பஸ்ஸை இன்னும் 'சோழன்' என்றுதான் சொல்கிறார். போக்குவரத்துக் கழகங்களின் பழைய பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பொதுப்பெயர் வைத்தது 1997-ல். டைரியில் இருப்பது அதற்கும் முந்தைய நேரமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மை மங்கியிருந்தது.

வண்டி முடிவானதும் நேரம் குறிக்க உட்கார்ந்தார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகம் விசேஷம். ராகு பகவான் மேனியில் வழியும் பால் நீலமாகத் தெரியும் என்று கூட்டம் கூடும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு.

"அப்போ நாலரைக்குக் கிளம்பிக்கலாமுங்களா?"

"ராகு காலத்துல யாராவது கிளம்புவாங்களா? அதுக்கு முன்னாடி கிளம்பணும்."

"மூணரைக்கு?"

"மூணுலேந்து நாலரை குளிகை. குளிகையில செய்யற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். கோயிலுக்குப் போறது நல்லதுதான், திரும்பவும் வருவீங்க. ஆனா பஸ்ஸுக்கு நிக்கிறதும் திரும்ப நடக்கும், பார்த்துக்குங்க."

"அப்போ மூணு மணிக்கு முன்னாலயே?"

"பேஷா. நடை நாலு மணிக்குத்தான் திறக்கும். வாசல்ல நிழல் இருக்கு, உட்கார்ந்துக்குங்க."

கோயம்புத்தூர்க்காரர் கும்பிடு போட்டார். என் கணக்கில் ஒரு காபி சொன்னேன் பெரியவருக்கு. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டவராவில் ஆற்றி ஆற்றி நுரை எழுப்பிக்கொண்டிருந்தவரிடம், ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "நீங்க தாராசுரம் கடைசியா எப்ப ஐயா போனீங்க?"

யோசித்தார். "2004-ல யுனெஸ்கோகாரங்க அந்தக் கோயிலை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க பாரு, அப்போ போகலாம்னு இருந்தேன் தம்பி. கூட்டமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"இங்கயே ஆளு சரியா இருக்கே, எங்க போறது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகுப்பையோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கி, நாலு திசையையும் பார்க்க ஆரம்பித்தார்கள். காபி பாதியில் நின்றது. "ஒன் மினிட், தம்பி" என்று என்னிடமே இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்தார்.

கோயம்புத்தூர்க் குடும்பம் பஸ்ஸில் ஏறியதையும் பார்த்தேன். ஏறும்போது அப்பா கண்டக்டரிடம் ஏதோ கேட்டார். கண்டக்டர் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு பஸ்ஸைக் காட்டினார். இறங்கி அதில் ஏறிக்கொண்டார்கள்.

கும்பகோணம் போனால் பெரியவரிடம் அவசியம் வழி கேளுங்கள். ஊரைப் பற்றி அவ்வளவு விஷயம் எந்த செல்போனிலும் வராது. பஸ்ஸில் கால் வைப்பதற்கு முன் கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் பார்க்காத நேரமாகப் பார்த்து.