பஞ்சுக்குச்சி ரசிகர்கள்

கேள்வி: சினிமாவில் வரும் பிரம்மாண்டமான ரேஸை உள்ளங்கை அளவு வீடியோ கேமில் அடக்க முடியுமா?

பதில்: முயன்று பார்த்திருக்கிறார்கள். 1999-ல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘ஸ்டார் வார்ஸ்: தி ஃபேன்டம் மெனஸ்’ வந்தது. அடிமைச் சிறுவன் அனகின், தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு இன்ஜின்களின் பின்னால் தொற்றிக்கொண்டு பாலைவனத்தில் பறப்பான். ‘பென்-ஹர்’ படத்தின் ரதப் போட்டிக்கு ராக்கெட் வேகம் கொடுத்த காட்சி அது. படத்தின் கதையைத் திட்டியவர்கள்கூட அந்த ரேஸை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதே ஆண்டு ‘எபிசோட் 1 ரேசர்’ என்ற பெயரில் கேமும் வந்தது. டிவியில் ஆடும் நின்டெண்டோ 64-ல் முப்பரிமாணத்தில் சீறிய வண்டி, உள்ளங்கையில் பிடித்து ஆடும் கேம் பாய் கலருக்கு வந்தபோது மேலிருந்து பார்க்கும் பொம்மையாகச் சுருங்கிவிட்டது. பாவம், அது என்ன செய்யும்? திரையே அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள்தான். உள்ளே இருப்பதோ 8 பிட் சிப்.

கண்ணுக்குக் கிடைக்காத வேகத்தைக் கைக்குக் கொடுக்க ஒரு தந்திரம் செய்தார்கள். கேம் அடங்கிய கேட்ரிட்ஜுக்குள்ளேயே குட்டி மோட்டார் வைத்து, ஆடும்போது அதிர வைத்தார்கள். கேம் பாயை ஓட்ட இரண்டு பேட்டரி. இந்த அதிர்வுக்கென்று கேட்ரிட்ஜில் தனியாக இன்னொன்று!

இதை ஏமாற்று வேலை என்பவர்களுக்கு ஒரு தகவல்: படத்தில் அந்த ரேஸைப் பார்க்க மைதானத்தில் குவிந்திருந்த ரசிகர்களில் பெரும்பாலோர், வண்ணம் பூசி நட்டுவைத்த காது குடையும் பஞ்சுக்குச்சிகள்.