கஷாய வியாபாரத்துக்கு மாமன் சொல்லும் யோசனை

மாப்ளே, நீ அனுப்பின போட்டோவைப் பாத்தேன். எலுமிச்சைச் சாறு ஒரு கப்பு, இஞ்சிச் சாறு ஒரு கப்பு, பூண்டுச் சாறு ஒரு கப்பு, ஆப்பிள் வினிகர் ஒரு கப்பு. நாலையும் அடுப்புல ஏத்தி மூணாச் சுண்டவிட்டு, ஆறினப்புறம் தேனை ஊத்திக் கலக்கி, விடிஞ்சதும் வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். இருதய அடைப்பு அம்புட்டும் கரைஞ்சு ஓடிரும்; ஆஞ்சியோவும் வேணாம், ஸ்டென்ட்டும் வேணாம்! பாட்டில்ல போட்டு லேபிளும் ஒட்டிட்டே போல. லேபிள்ல இருக்கிறது நீதானா? மீசை நல்லா வந்திருக்கு.

வியாபாரம்னு இறங்கிட்டே. தாய்மாமன் ஒருத்தன் உசுரோட இருந்தும் ஒரு யோசனை சொல்லலைன்னு நாளைக்கு ஊரு பேசக்கூடாது பாரு. அதனால சொல்றேன்.

மொதல்ல, சாட்சி சேக்குற வேலையை மட்டும் விட்டுராதே. பால்காரர் குடிச்சாரு, மூச்சுவாங்கல் நின்னுபோச்சு. வாத்தியார் குடிச்சாரு, மாடிப்படி ஏறுறாருங்கிறே. அருமை! இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, உனக்குத் தெரியாமலே அது உனக்கு உழைக்குது. நெஞ்சுவலிங்கிறது ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். கூடின வாரத்துலதான் எவனும் வைத்தியனைத் தேடி வருவான். அடுத்த வாரம் அது தானாக் குறைஞ்சாலும் பேரு உனக்கு. குறையலைன்னா? அவன் பத்தியம் இருக்கலைன்னு சொல்லிரு.

ரெண்டாவதா, இதை மனசுல நல்லா ஏத்திக்கோ: எந்தக் காலத்துலயும் சீட்டுக் குலுக்க மட்டும் ஒத்துக்காதே. பாதிப் பேருக்கு உன் கஷாயம், பாதிப் பேருக்கு அதே நிறத்துல வேற தண்ணி, எது எதுன்னு குடிக்கிறவனுக்கும் தெரியாது, கேட்டு எழுதுறவனுக்கும் தெரியாதுன்னு எவனாவது வந்தா, வாசல்லயே மோர் குடுத்து அனுப்பிரு. எத்தனையோ பெரிய பெரிய வைத்தியம் அந்தச் சீட்டுலதான் கவுந்திருக்கு. என் பேத்தி மதுரையில டாக்டருக்குப் படிக்கிறாளே, லீவுக்கு வந்தா எனக்கு இதைத்தான் வாசிச்சுக் காட்டுவா. டிவி சீரியலை விட நல்லாருக்கு.

1939ல இத்தாலியில ஃபியெஸ்கின்னு ஒரு சர்ஜன். நெஞ்செலும்புக்கு ரெண்டு பக்கமும் கீழே ஓடுற ரத்தக்குழாய் ரெண்டையும் கட்டிட்டா, அங்க போற ரத்தம் இருதயத்துப் பக்கம் திரும்பும்னு அவருக்கு ஒரு கணக்கு. கீழ்மடையை அடைச்சா மேல்மடைக்குத் தண்ணி கூடும்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரிதான். கேக்க எம்புட்டு நியாயமா இருக்கு! 1950கள்ல அமெரிக்காவுல இந்த ஆபரேஷன் சக்கைப்போடு போட்டுது. மரத்துப்போற ஊசி போட்டு, நெஞ்சுல சின்னதா ரெண்டு கீறல், அம்புட்டுதான். வலி போச்சுன்னு ஆளுக்கு ஆள் சொன்னாங்க. உன்னை விடவே சாட்சி அதிகம்.

அப்புறம் சியாட்டில்ல லெனார்டு காப்புன்னு ஒரு டாக்டர், 17 பேரை வச்சு ஒரு காரியம் பண்ணினாரு. எல்லாருக்கும் கீறல் உண்டு. கீறி, குழாயைக் கண்டுபிடிச்ச பிற்பாடு ஒரு கவரைப் பிரிப்பாங்க. உள்ள இருக்கிற சீட்டுல கட்டுன்னு இருந்தா கட்டணும், வேணாம்னு இருந்தா சும்மா தச்சு அனுப்பணும். 8 பேருக்குக் கட்டினாங்க, 9 பேருக்கு வெறும் கீறல். 1959ல கணக்கு வெளிய வந்துச்சு: கட்டினவங்களுக்கு எம்புட்டுச் சுகமோ, கட்டாதவங்களுக்கும் அம்புட்டுச் சுகம்! ஆபரேஷன் அதோட காலி. நோயாளிங்ககிட்ட இந்தக் கவர் விஷயத்தை அன்னைக்குச் சொல்லவே இல்ல, மாப்ளே. அது தப்புதான். இன்னைக்கு அப்படிச் செஞ்சா விடமாட்டாங்க. சொல்லி, கையெழுத்து வாங்கித்தான் செய்யணும். ஆனா ஒண்ணைக் கவனிச்சியா? அந்த 9 பேர்ல சுகம்னு சொன்னவன் எவனும் பொய் சொல்லல. நெசமாவே அவனுக்குத் தேவலைன்னு இருந்திருக்கு. உன் பால்காரரையும் நான் பொய்யர்னு சொல்லல.

டாக்டருங்க மட்டும் யோக்கியமோன்னு நீ கேப்பே. கேட்டுத்தான் ஆகணும். அவங்க தங்களோட ஸ்டென்ட்டையே இந்தச் சீட்டுல போட்டுப் பாத்துட்டாங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம். சூரிச்சுல குருன்ட்ஸிக்னு ஒருத்தர் பலூனை விட்டு அடைப்பைத் தொறந்தது 1977ல. அதுக்கு 40 வருஷம் கழிச்சு 2017ல, லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ரஷா அல் லாமி அம்மாவும் அவங்க ஆளுகளும் ‘ஆர்பிட்டா’ன்னு ஒரு சோதனை முடிச்சாங்க. 200 பேர். எல்லாருக்கும் ஒரு குழாயில பெரிய அடைப்பு, நடந்தா வலி. ஆறு வாரம் மாத்திரையைச் சரியாக் குடுத்துட்டு, மேசையில படுக்கப் போட்டு, காதுல ஹெட்ஃபோனை மாட்டிப் பாட்டைப் போட்டு, மயக்க மருந்தும் குடுத்தாச்சு. சீட்டுப்படி சில பேருக்கு ஸ்டென்ட், மத்தவங்க கால்மணி நேரம் சும்மா படுத்திருந்தாங்க. வார்டுல பாத்துக்கிறவங்களுக்கும் யாருக்கு எதுன்னு தெரியாது. ஆறு வாரம் கழிச்சு ட்ரெட்மில்லுல ஏத்தினா, ஸ்டென்ட் வச்சவங்க முன்னைக்கு 28 வினாடி கூட நடந்தாங்க. சும்மா படுத்தவங்க 12 வினாடி. நடுவுல இருக்கிற வித்தியாசம் தற்செயலாக்கூட வந்திருக்கலாம்னு கணக்குக்காரங்க கையை விரிச்சுட்டாங்க.

உடனே இதைத் தூக்கி லேபிள்ல போட்டுராதே. அதே ஆளுக 2023ல, வலி மாத்திரையை எல்லாம் நிறுத்திட்டு 301 பேருக்குத் திரும்பச் சோதிச்சாங்க. அதுல ஸ்டென்ட் நெசமாவே வலியைக் குறைச்சுது. இது ரெண்டுமே நடந்தா வலிக்குது, நின்னா போகுதுங்கிற ஆளுகளைப் பத்தின பேச்சு. நெஞ்சு அடைச்சு, வேர்த்துக் கொட்டி, இடது கை இழுத்துட்டுக் கிடக்கிறவன் கதை வேற. அவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் இருதயச் சதை செத்துக்கிட்டிருக்கு. குழாயைத் தொறந்தே ஆகணும். அங்க 108ஐக் கூப்புடணும், உன்னை இல்ல.

மூணாவது யோசனை: நாடி சீராயிருச்சு, ரிப்போர்ட் நல்லாருக்குன்னு சொல்லியே காலத்தை ஓட்டு. ஆள் இருக்கானா போனானான்னு எண்ணாதே. அமெரிக்காவுல ‘காஸ்ட்’னு ஒரு சோதனை. அட்டாக் வந்து பிழைச்சவங்களுக்கு இருதயம் இடையில தாளம் தப்பும். அப்படித் தப்புறவங்க சாவு அதிகம். தாளத்தைச் சரி பண்ற மாத்திரை இருந்துச்சு, ஈசிஜியும் அழகாச் சரியாச்சு, டாக்டருங்க அள்ளி அள்ளி எழுதிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. சீட்டுப் போட்டு எண்ணினா, அப்படிப்பட்ட ரெண்டு மாத்திரையில ஒண்ணைச் சாப்பிட்ட 755 பேர்ல 63 சாவு, வெத்து மாத்திரை சாப்பிட்ட 743 பேர்ல 26! 1989ல பாதியிலயே நிறுத்தினாங்க. ஆபரேஷன் சக்சஸ், ஆள் அவுட்டுன்னு சும்மா சிரிக்கிறோம்; இது நெசம்.

இம்புட்டுக்கும் அப்புறம் எவனாவது உன்னை மடக்கிட்டான்னா, கடைசி வழி ஒண்ணு இருக்கு. ராசி பாரு. சிரிக்காதே, இது ஆக்ஸ்ஃபோர்டு சங்கதி. 1988ல ‘ஐசிஸ் ரெண்டு’ன்னு ஒரு சோதனை வந்துச்சு. 417 ஆஸ்பத்திரி, அட்டாக்னு வந்த 17,187 பேர். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும், ஒரு மாசத்துக்கு ஆஸ்பிரின் மாத்திரையும். ரெண்டும் கிடைக்காதவங்கள்ல அஞ்சு வாரத்துக்குள்ள நூத்துக்கு 13 பேர் போயிட்டாங்க. ரெண்டும் கிடைச்சவங்கள்ல 8 பேர். தலைவலி மாத்திரை, மாப்ளே! காலணாப் பெறாத சாமான். முடிவு வந்ததும் மருத்துவப் பத்திரிகைக்காரங்க, இது பொம்பளைக்கு எப்படி, வயசானவனுக்கு எப்படின்னு கூறு கூறாப் பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க. இவங்க குசும்பு புடிச்சவங்க, அப்படின்னா ராசி வாரியாவும் பிரிச்சுப் போடுறோம்னுட்டாங்க. போட்டா, மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகாது, மத்த ராசிக்கெல்லாம் ரொம்ப விசேஷம்னு வந்துச்சு! (அது வெள்ளைக்காரன் ராசி, பொறந்த தேதி கணக்கு, நம்ம சந்திரன் கணக்கு இல்ல.) இஷ்டத்துக்குப் பிரிச்சா கணக்கு எதை வேணும்னாலும் சொல்லும்னு காட்டத்தான் அதை அச்சுலயே போட்டாங்க. ஆஸ்பத்திரியில துலாத்துக்கு ஒரு நியாயம், மேஷத்துக்கு ஒரு நியாயம்னு வைக்கல.

துலாம்னதும் ஞாபகம் வருது. என் தங்கச்சி, உன்னைப் பெத்தவ, துலாம். அட்டாக் வந்தப்ப அவளுக்கு ஏத்தினதும் அதே கரைக்கிற ஊசிதான். டாக்டர் வெளிய வந்து பேரைச் சொன்னப்ப நீயும் நானும் பக்கத்துலதானே நின்னோம். நேத்து ராத்திரி அவளே போன் பண்ணினா. “மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சுண்ணே, தம்பி கஷாயமே போதும்னுட்டான்”னா. மகன் முதலாளி ஆயிட்டான்னு குரல்ல அம்புட்டுப் பெருமை. நான் ஒண்ணும் சொல்லல. போனை வச்சுட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன். எந்திரிச்சு உக்காந்துட்டா அந்தப் புள்ள.

சாயங்கால பஸ்ல நாங்க ரெண்டு பேரும் வாரோம். அதுக்குள்ள மாத்திரை அட்டை எங்க கிடக்குன்னு தேடி வை. எது எதை, எத்தனை நாளா நிறுத்தினீங்கன்னு ஒரு தாள்ல எழுதி வை. டாக்டர்கிட்ட ஒண்ணையும் மறைக்கப்படாது. பாட்டிலையும் பத்திரமா வை, மீனுக்கு மசாலா பிசைய ஆகும்னு உன் அத்தை சொல்றா, அந்தத் தேன்தான் இடிக்குதாம். காலையில ஆஸ்பத்திரிக்கு முதல் டோக்கனா போட்டுரு. உங்கம்மா பேர்ல போடு. கம்பெனி பேர்ல போட்டுறாதே.