இதுவா, அதுவா?

ஐபேடில் படம் வரைகிற மாமாவிடம் மாட்டாத ஆள் கிடையாது. ரிடையர் ஆகியிருப்பார். வெளிநாட்டுப் பையன் லீவில் வந்தபோது ஐபேடும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, புரோகிரியேட் என்கிற வரையும் ஆப்பையும் ஏற்றிவிட்டுப் போயிருப்பான். "மாசாமாசம் கட்டுற வேலையே இல்ல, ஒரே தடவைதான்" என்று முதலில் அதன் பெருமையைப் பாடுவார். விதவிதமாக பிரஷ் சேர்த்து வைத்திருப்பார், வரைவது ஒன்றால்தான். இரண்டு விரலுக்கு மட்டும் உறை உள்ள கறுப்பு கிளவுஸ் வேறு. அதெல்லாம் தொலையட்டும். நம் உயிரை வாங்குவது அன்டூ.

திரையை இரண்டு விரலால் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். மூன்று விரலால் தட்டினால் திரும்பி வரும். சங்கதி இவ்வளவுதான். மாமா பிள்ளையார் வரைவார். தும்பிக்கை நுனியில் சின்னதாக ஒரு சுழி சேர்ப்பார். பிறகு ஐபேடை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"இப்ப பாரு. இதுவா?" இரண்டு விரல். "இல்ல, இதுவா?" மூன்று விரல். "நல்லா பாரு. இதுவா... இதுவா?"

கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்களே, அதே குரல். அங்கேயாவது கடைசி வரி தெரிந்துவிட்டால் எழுந்து வரலாம். இங்கே "சுழி இருக்கட்டும் மாமா" என்றால், "ஏன், இல்லாம இருந்தப்போ என்ன குறைச்சல்?" என்பார். "அப்ப வேண்டாம்" என்றால், "எடுத்தா மொட்டையா இல்ல இருக்கு?" என்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நுனியை விரித்து விரித்துப் பெரிதாக்குவார். தும்பிக்கையும் போய், பிள்ளையாரும் போய், திரை முழுக்கக் கறுப்புதான் இருக்கும். "இப்ப தெரியுதா?"

சிலிண்டர் போட வந்த பையனையும் விடவில்லை. அவன் தோளில் சிலிண்டரோடு ஒரு நொடி பார்த்து, "முதல்ல இருந்ததே நல்லாருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். "ரசனையுள்ள பையன்" என்று அன்று சாயங்காலம் முழுக்க அவன் புராணம். முதலில் இருந்தது எது என்பது மட்டும் மாமாவுக்கு மறந்துவிட்டது.

புரோகிரியேட் 250 செயல்களை நினைவில் வைத்திருக்கும். இரண்டு விரலையும் அழுத்திப் பிடித்தால் விறுவிறுவென்று பின்னோக்கி ஓடும். மதியமெல்லாம் வரைந்தது கண்ணெதிரே கரைந்து வெள்ளைத் திரையாகும். "எப்படி!" என்று நம்மைப் பெருமையாகப் பார்ப்பார்.

கேலி செய்தால் டேவிட் ஹாக்னியை இழுத்து வருவார். அந்த இங்கிலாந்து ஓவியர் எழுபது வயதுக்கு மேல் ஐபோனில் விரலால் வரைய ஆரம்பித்ததும், 2010-ல் ஐபேட் வந்ததும் அதற்குத் தாவியதும் உண்மைதான். ஆனால் அவர் 2011-ல் யார்க்ஷயரில் ஒரு சாலையோரம் வசந்தம் வருவதை வரைந்து தள்ளி, அவற்றில் 51 படங்களைப் பெரிதாக அச்சிட்டு மறு வருஷமே லண்டன் ராயல் அகாடமியில் மாட்டினார். நம்மவர் கணக்கில் ஒரே பிள்ளையார், அவருக்கும் இன்னும் காது வரவில்லை.

முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. சர்வீஸ் முழுக்க டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். டிரேசிங் பேப்பரில் ராட்ரிங் பேனாவால் மை போட்ட கை அது. கோடு ஒரு நூல் நீண்டுவிட்டால் அரை பிளேடை வைத்து மையைச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பேப்பர் கிழியும், மொத்தப் படமும் முதலிலிருந்து. மேலதிகாரியின் முகத்தையும் பார்க்க வேண்டும். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிய மனுஷனுக்கு, ஒரு தட்டில் தப்பு போய்விடும் என்றால் தட்டிக்கொண்டேதான் இருக்கத் தோன்றும்.

அதற்கு நாங்கள் என்ன பாவம் செய்தோம்? வீட்டில் வளைகாப்பு வந்தது. பத்திரிகைக்குப் பிள்ளையார் தன்னுடையதுதான் என்றார். அச்சகத்துக்காரர் தினமும் போன் போட்டு அலுத்து, கடைசியில் தன்னிடம் இருந்த பிள்ளையாரையே போட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். மாமா பத்திரிகையை வாங்கி, அந்தத் தும்பிக்கை நுனியை வெகுநேரம் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால், அவர் கேட்பது அபிப்பிராயமே இல்லை. நாளைக்குச் சரியில்லாமல் போனால் "நீதானே சொன்னே" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வரைகிறவர் தீர்மானிக்க வேண்டியதை வந்தவன் போனவன் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், திரையின் இடது மேல் மூலையில் 'கேலரி' என்று இருப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் காபி குடிக்க எழுந்து போகும்போது அதை ஒருமுறை தொட்டு, படத்தை மறுபடி திறந்து வைத்துவிடுங்கள். படத்துக்கு ஒன்றும் ஆகாது. அன்டூ 250-ம் போய்விடும்.