மூன்று மோட்டாரும் இரண்டு முழங்காலும்

இடுப்புக்கு மேலே ஓர் ஆளும் இடுப்புக்குக் கீழே வேறோர் ஆளுமாக ஒருவர் நடந்துபோவதைப் பார்க்க வேண்டுமா? முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஓர் இளைஞர், இரண்டு கைகளாலும் ஒரு தடியைப் பிடித்தபடி, மாப்பிள்ளைக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருப்பார். தலையும் தோளும் அசையாது. முழங்கால் மட்டும் அரை மடிப்பில், விரல்நுனி முதலில், குதிகால் பிறகு என்று சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அவர் தவில்காரர்மேல் மோதிவிடாமல், உதவியாளர் ஒருவர் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துத் திருப்பிவிடுவார். தடியின் பெயர் கிம்பல். ஆடாமல் வீடியோ எடுக்க உதவுவது.

நானும் கிம்பல்காரர்கள் ஜாதியில் சேர்ந்தேன். காரணம் கனடாவில் இருக்கும் என் மச்சினி. சித்திரைத் தேரை ஸ்ரீரங்கத்து வீதியில் கூடவே நடந்து எடுத்து அனுப்பியிருந்தேன். உடனே போன் வந்தது. “அத்தான், தேர் நல்லாருக்கு. ஆனா நீங்க ஏன் குதிரை மேல உக்காந்து எடுத்தீங்க?” என்றாள். பாதியிலேயே தலைசுற்றிப் படுத்துவிட்டாளாம். “நான் நடந்துதாம்மா எடுத்தேன்” என்றால் நம்பவில்லை.

நான் சொன்னது உண்மை. எடுக்கும்போது எனக்கு எதுவுமே ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். படித்துவிடுவீர்கள். இப்போது தலையை நிறுத்திவிட்டு, பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிடும். பெருமை கண்ணுக்கு மட்டும் அல்ல, காதுக்கும் உண்டு. உள்காதில் ஒன்றுக்கொன்று குறுக்காக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை சேதி சொல்லிவிடும். கண் உடனே எதிர்ப்பக்கம் திரும்பிச் சரிசெய்துகொள்ளும். (பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் இப்போது சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.)

செல்போன்களும் இதைச் செய்யத்தான் பார்க்கின்றன. ஒரு வழி, லென்ஸை மிதக்கவிட்டு, கை ஆடும் பக்கத்துக்கு எதிராக நகர்த்துவது. இன்னொரு வழி, படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளித் தள்ளி நேராக்குவது. வெயிலில் இரண்டும் பிரமாதம். மண்டபத்துச் சாப்பாட்டுக்கூட வெளிச்சத்தில் நடந்துகொண்டே எடுத்தால் ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் தீற்றல் விழுந்துவிடும். ஓரத்தை எவ்வளவு வெட்டினாலும் அந்தத் தீற்றல் போகாது. மிதக்கும் லென்ஸுக்கு வேறொரு பகையும் உண்டு. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. எங்கள் ஊர்ச் சாலைகளைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள்.

கிம்பல் கேமராவுக்கு வெளியே நின்று வேலை பார்க்கிறது. உள்ளே மூன்று மோட்டார். ஒன்று, நாம் ‘ஆமாம்’ என்று தலையாட்டும் அசைவைக் கவனித்துக்கொள்ளும். இரண்டாவது, ‘இல்லை’ என்று ஆட்டுவதை. மூன்றாவது, ஆமாமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல், கைமாற்று கேட்டு வந்தவரிடம் தலையைத் தோளுக்குத் தோள் சாய்ப்போமே, அதை. வெளிநாட்டுக்காரருக்கு மூன்றாவது மோட்டாரைப் படம் போட்டு விளக்க வேண்டும். நமக்கு வேண்டாம். கை எந்தப் பக்கம் ஆடினாலும் கைரோ சென்சார் கண்டுபிடித்து, அதற்குரிய மோட்டாரை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும்.

யோசனை பழையது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியத்து ஃபைலோ என்ற கிரேக்கர், வளையத்துக்குள் வளையமாகத் தொங்கவிட்டு, எப்படி உருட்டினாலும் மை சிந்தாத மைக்கூட்டைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் கப்பலின் திசைகாட்டியும் அதே வளையத்தில் ஏறியது. மோட்டார் வைத்துக் கையில் பிடிக்கும் கிம்பலை 2013-இல் அமெரிக்காவின் ஃப்ரீஃப்ளை நிறுவனம் ‘மோவி எம்10’ என்று கொண்டுவந்தபோது விலை சுமார் 15,000 டாலர். அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு ஒரு நல்ல காரே வாங்கி, ஊர்வலம் நம்மைக் கடந்து போகும்வரை அதில் சாய்ந்து உட்கார்ந்து எடுத்திருக்கலாம். இன்று போனுக்கான கிம்பல் சில ஆயிரங்களில் கிடைக்கிறது.

திருச்சி மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். கடைத் தம்பியின் முதல் கேள்வி, “பட்ஜெட் என்ன சார்?” இரண்டாவது கேள்வி வரவேயில்லை. வந்திருந்தால் அது ‘போன் என்ன கனம்?’ என்று இருந்திருக்க வேண்டும். போன் கிம்பல்கள் பெரும்பாலும் 300 கிராமைச் சுற்றித்தான் தாங்கும். பெரிய போன் என்றால் வெறும் போனே 200 கிராமைத் தாண்டும். என்னுடையதற்கு மடக்குக் கவர் வேறு. அதற்குள் ஏடிஎம் கார்டு, லைசென்ஸ், ரேஷன் கார்டு, சமயபுரத்துக் குங்குமப் பொட்டலம், ஆபத்துக்கு உதவும் என்று மடித்துவைத்த ஐநூறு ரூபாய். எல்லாம் ஒரே பக்கத்தில். மாட்டி ஆன் செய்ததும் மோட்டார் முதலில் உறுமியது, பிறகு நடுங்கியது, கடைசியில் போன் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. தம்பி கவரை உருவிப் போட்டார். போன் நிமிர்ந்தது. அன்றிலிருந்து கிம்பல் வெளியே வரும் நாளில் என் அடையாள அட்டைகள் எல்லாம் மனைவியின் கைப்பைக்குப் போய்விடும். நான் யார் என்று நிரூபிக்க அவள் கூட வர வேண்டும்.

இது சிறிய போனுக்கும் பெரிய கேமராவுக்கும் பொது. ஆன் செய்யும் முன்பு மாட்டிவிட்டுக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். விட்ட இடத்தில் நின்றால் சரி. சாய்ந்தால், அந்தச் சாய்வை மோட்டார் நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கும். பேட்டரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடும்.

இனிமேல்தான் அட்டைப்பெட்டியில் அச்சடிக்காத சேதி. கையில் இருக்கும் பொருள் ஆறு விதமாக அசையலாம். மூன்று விதமாகத் திரும்பும். மூன்று விதமாக நகரும். கிம்பலின் மூன்று மோட்டாரும் திரும்புவதை மட்டுமே பார்த்துக்கொள்கின்றன. நகர்வதில் முன்னும் பின்னும் நாமே விரும்பிச் செய்வது. பக்கவாட்டில் நகர்வது அவ்வளவாகத் தெரியாது. மேலும் கீழும்தான் வில்லன். அடிக்கு அடி உடம்பு ஏறி இறங்கும்போது கேமராவும் கூடவே ஏறி இறங்கும். அதை விழுங்க வேண்டிய கருவி பெட்டியில் வராது. பிறக்கும்போதே இரண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் வயதில் அவற்றுக்கு வாரண்டியும் முடிந்திருக்கும்.

ஆகவே வீட்டுக் கூடத்தில் பயிற்சி ஆரம்பமானது. முழங்காலை மடக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டு, குதிகாலில் தொடங்கி விரலில் முடி. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாம் நாள் மகளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, “மாப்ளைக்கு மூட்டுல வாயுவா? நடையே சரியில்லையே. எண்ணெய் காய்ச்சித் தரட்டுமா?” என்று கேட்டது கூடம்வரை கேட்டது. என் மனைவி, “அவரு வீடியோ எடுக்கறாரும்மா” என்றாள். “அதுக்கு ஏன் திருடன் மாதிரி நடக்கணும்?” என்றார் மாமியார். எண்ணெய் எப்படியும் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

கால் பிரச்சினையை முதலில் ஒழுங்காகத் தீர்த்தவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கரெட் பிரவுன். 1970-களில் அவர் உருவாக்கிய ஸ்டெடிகேமில் சென்சாரும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. உடம்போடு இறுக்கிக் கட்டிய சட்டை, அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை, அதன் நுனியில் ஒரு தண்டின் மேலே கேமரா, கீழே எதிர் எடை. நடையின் ஏற்ற இறக்கத்தை ஸ்பிரிங் கை விழுங்கிவிடும். அதுவரை கேமரா ஆடாமல் நகர வேண்டுமானால் தண்டவாளம் போட்டு டிராலியில்தான் போக வேண்டும். படிக்கட்டில் டிராலி ஏறாது. பிரவுன் தன் காதலியை ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துப் படிகளில் ஓடவிட்டு, பின்னாலேயே ஓடி எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் ஆவில்ட்சன், 1976-இல் வந்த ‘ராக்கி’ படத்துக்காக அதே படிகளில் சில்வெஸ்டர் ஸ்டாலோனை ஓடவிட்டார். படிகள் 72. எங்கள் மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார்வரை நானூறுக்கும் மேல். பிரவுன் திருச்சியில் பிறந்திருந்தால் ஸ்டெடிகேமுக்கு முன்னால் ரோப்காரைக் கண்டுபிடித்திருப்பார்.

அதே பிரவுன்தான் 1983-இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தில், காட்டு மரங்களுக்கு நடுவே பறக்கும் பைக்குகள் துரத்தும் காட்சிக்கும் நடந்தவர். ஆமாம், நடந்தவர். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டில் ஸ்டெடிகேமைச் சுமந்து நடந்தபடி, வினாடிக்கு ஒரு பிரேமுக்கும் குறைவாகப் பிடித்தார். தியேட்டரில் அது வினாடிக்கு 24 பிரேமாக ஓடியபோது ரசிகர்கள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் அவர்கள் பார்த்தது நாற்பது வயதுக்காரர் ஒருவரின் நடைப்பயிற்சியை.

என்னைக் கேட்டால் இந்த வித்தையில் மூத்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள். நம்பெருமாள் புறப்பாட்டின்போது தோளுக்கினியான் பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் காலை மட்டும் பாருங்கள். சிம்மகதி, சர்ப்பகதி என்று நடையை மாற்றுவார்கள்; பெருமாளே நடந்து வருவதாகத் தோன்றும். அத்தனை பேருடைய முழங்காலும் ஒரே நேரத்தில் இளகி ஒரே நேரத்தில் நிமிர வேண்டும். சார்ஜ் ஏற்றும் வேலை கிடையாது. அவர்களுக்கு முன்னால் நின்று கிம்பலோடு எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சும்மா சேவித்துவிட்டு வந்தேன்.

அரங்கேற்றம் என் மைத்துனர் மகள் கல்யாணத்தில். வாசலிலேயே முதல் சோதனை. முகத்தைத் தொட்டுக் காட்டினால் அந்த ஆளை விடாமல் பின்தொடரும் வசதி கிம்பலில் உண்டு. மணப்பெண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவள் நடந்து உள்ளே போய்விட்டாள். கிம்பல் நகரவில்லை. பார்த்தால், வாசலில் பன்னிரண்டு அடி உயர ஃப்ளெக்ஸில் அவளுடைய முகம். அளவிலும் பெரியது, அசையவும் அசையாது. கிம்பல் அதையே தேர்ந்தெடுத்துவிட்டது. கேமரா நிலைப்படுத்தும் கருவிக்கு அதைவிட உத்தமமான மணப்பெண் எங்கே கிடைப்பாள்?

உள்ளே போனால் பெரியப்பா ஒருவர் எதிரே வந்தார். கையில் தடி, தடியின் நுனியில் ஏதோ ஒன்று, அது தன் முகத்துக்கு நேரே நீளுகிறது. டிவிக்காரர்கள் மைக் என்றே முடிவுசெய்துவிட்டார். தொண்டையைச் செருமி, துண்டைச் சரிசெய்து, மணமக்கள் பதினாறும் பெற வேண்டும் என்பதில் தொடங்கி, மண்டபத்து வாடகை, காவிரியில் தண்ணீர் வரத்து என்று போனார். பின்னால் இருந்தவர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் நான் நாதஸ்வரத்திலிருந்து மேடைக்கு நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிம்பல் தன் வேகத்தில்தான் திரும்பும். கையை வெடுக்கென்று திருப்பினாலும், யோசித்து, வழுக்கிக்கொண்டு, பின்னால் வரும். கெட்டிமேளம் அதற்காகக் காத்திருக்கவில்லை. கேமரா மேடையை அடைந்தபோது மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்திருந்தார். அட்சதை அரிசி ஒன்று மோட்டாரின் இடுக்கில் விழுந்து, பிறகு சாப்பாட்டுக்கூடம்வரை கிர் கிர் என்று கூடவே வந்தது.

கல்யாண வீடியோ எடுக்க வந்த இளைஞரோ தாலி நேரத்தில் கிம்பலையே தொடவில்லை. கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவைத்திருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேன். “நடந்தாத்தான் சார் கிம்பல். நின்னு எடுக்கறதுக்கு அது எதுக்கு? கேமரா, லென்ஸ் எல்லாம் சேர்த்து மூணு கிலோ பக்கம் வருது. லென்ஸ் மாத்தினா மறுபடி பேலன்ஸ் பண்ணணும். அதுக்குள்ள பொண்ணுக்குக் குழந்தையே பொறந்துடும்” என்றார். சாம்பார் ஊற்ற வந்தவரிடம் இலையை நகர்த்தாமல், தானே நகர்ந்து வழிவிட்டார். தொழில் சுத்தம்.

வீடியோவைக் கனடாவுக்கு அனுப்பினேன். மச்சினி முழுவதும் பார்த்தாள், தலை சுற்றவில்லை. “சூப்பர் அத்தான், தண்ணில மிதக்கற மாதிரி இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?” என்றாள். உண்மைதான். நான் முழங்காலை மடக்கி ஊர்ந்து வருவதைப் பார்த்தவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டிருந்தார்கள். வாழை மரம், தூண், காலி நாற்காலி வரிசை, கை கழுவும் இடம் எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. ஆள் என்று பார்த்தால் பெரியப்பா மட்டும், காவிரியோடு.

போன வாரம் எதிர்வீட்டு நண்பர் வந்தார். பேரன் காதுகுத்துக்கு வீடியோ எடுக்க வேண்டுமாம். எந்தக் கிம்பல் வாங்கலாம் என்று கேட்டார். மனைவியிடம் சொல்லி டம்ளரில் விளிம்புவரை காபி ஊற்றி, டபரா இல்லாமல் அவர் கையில் கொடுத்து, “கூடத்துலேர்ந்து வாசல்வரை ஒரு நடை போயிட்டு வாங்க. சிந்தாம வந்தா எதை வேணும்னாலும் வாங்கலாம்” என்றேன். அவர் டம்ளரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நின்ற இடத்திலேயே காபியைக் குடித்து முடித்தார்.

“ட்ரைபாட் என்ன விலை வரும்?” என்றார்.